கடன், மீட்பு, கிருபை: சிறைக்குப் போன இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்



பி.காம் படிக்கிறவனுக்குக் கிறிஸ்தவ இறையியலில் என்ன வேலை என்று வகுப்புத் தோழர்கள் சிரிக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாவம், மன்னிப்பு, விடுதலை என்று அந்த மதம் பேசும்போது அது எடுத்துக் கையாளுகிற சொற்களில் பாதி நம்ம பாடப்புத்தகத்தில் இருப்பவை. கடன், கடனாளி, ஈடு, மீட்பு, கிரயம்... எல்லாமே கணக்குப்பிள்ளை பேசுகிற மொழி.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் தாண்டிப் போளூர் போகிற வழியில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் சந்தவாசல். இந்தப் பக்கம் "மீட்பு" என்று சொன்னால் யாருக்கும் முதலில் தேவாலயம் ஞாபகத்துக்கு வராது. அடகுக்கடைதான் வரும். விதைப்புச் செலவுக்கு வைத்த கம்மலை அறுவடை முடிந்ததும் வட்டியோடு பணம் கட்டி மீட்பார்கள். இதே சொல்லைத்தான் கிறிஸ்தவர்கள் தங்கள் மதத்தின் மையமான விஷயத்துக்கு வைத்திருக்கிறார்கள். இது தற்செயல் இல்லை. இந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் இரண்டு பேர் சிறைக்கே போயிருக்கிறார்கள். இரண்டு பேருமே வேதாகமத்தைத் தமிழில் கொடுத்தவர்கள். இரண்டு சிறைவாசத்துக்கும் பின்னால் இருந்தது கடன்!

பாவம் எப்படிக் கடன் ஆனது?

இயேசு பேசிய அரமேய மொழியில் "ஹோபா" என்று ஒரு சொல் உண்டு. கடனுக்கும் அதுதான், பாவத்துக்கும் அதுதான். அவர் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது மத்தேயு அதைக் "கடன்கள்" என்று எழுதினார். லூக்கா அதே இடத்தில் "பாவங்கள்" என்று எழுதினார். தமிழில் இன்றும் இந்த வித்தியாசம் தெரியும். புராட்டஸ்டண்ட் சபைகளின் பழைய வேதாகமத்தில் மத்தேயுவின் ஜெபத்தில் கடன் என்ற சொல்தான் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் அந்த இடத்தில் குற்றம் என்று சொல்லி ஜெபிக்கிறார்கள். ஜெர்மன் மொழியிலும் "ஷுல்ட்" என்ற ஒரே சொல் கடனையும் குற்றத்தையும் குறிக்கும். நாம் பார்க்கப்போகிற இரண்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஜெர்மன்தான் தாய்மொழி.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒரு கதை வருகிறது. ஒரு ராஜாவிடம் ஒரு வேலைக்காரன் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். கட்ட வழியில்லை, காலில் விழுகிறான். ராஜா மொத்தக் கடனையும் தள்ளுபடி செய்து அனுப்புகிறார். அவன் வெளியே வந்ததும், தன்னிடம் நூறு தெனாரியம் வாங்கியிருந்த சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். அவனைச் சிறையில் போடுகிறான். செய்தி ராஜாவுக்குப் போகிறது. முதலாமவன் கதி அவ்வளவுதான்.

இந்தக் கதையைக் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு படித்தால்தான் அதன் உறைப்பு தெரியும். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட லீவு போடாமல், ஒரு காசு செலவழிக்காமல் வேலை செய்தாலும் அடைக்க 1,64,000 வருஷத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது கடன் நூறு நாள் கூலி. இன்னொரு ஒப்பீடும் சொல்லலாம். இயேசுவின் காலத்தில் கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வந்த வருஷ வருமானம் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அதாவது அந்த வேலைக்காரனின் கடன் ஒரு நாட்டின் 50 வருஷ வருமானம். கட்டவே முடியாத தொகை என்பதுதான் கதையின் கருத்து.

இங்கே நம்ம ஆட்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்தால் என்ட்ரி எப்படிப் போடுவோம்? வாராக்கடன் கணக்கில் பற்று, கடனாளி கணக்கில் வரவு. கடனாளியின் பக்கத்தில் பாக்கி பூஜ்யம் ஆகிவிடும். ஆனால் தொகை மாயமாக மறைந்துவிடாது. கொடுத்தவரின் நஷ்டமாக வந்து உட்காரும். கிறிஸ்தவர்கள் "கிருபை" என்று சொல்வதன் கணக்கு இதுதான். மனிதன் கட்டமுடியாததைக் கடவுளே தன் நஷ்டமாக ஏற்றுக்கொண்டார், சிலுவை அந்த நஷ்டம் என்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் "மன்னிப்பு இலவசம், ஆனால் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்" என்கிற இந்த வாதம் கணக்குப்படி சரியாகவே இருக்கிறது.

கிருபையை விற்றபோது

இந்தக் கணக்கைக் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. 1510களில் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் என்பவர் மைன்ஸ் நகரின் பேராயர் ஆனார். பதவிக்காக ரோமுக்குக் கட்டவேண்டிய பெருந்தொகையை ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பத்தின் வங்கியில் கடனாக வாங்கினார். அதை அடைக்க வழி? பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்பது. வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்டுவதற்கு, பாதி ஃபுக்கர் கடனுக்கு. வசூல் பெட்டியோடு வங்கியின் ஆட்களும் கூடவே போனார்கள்.

இதற்கு எதிராகத்தான் 1517 அக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூதர் தன் 95 வாதங்களை வெளியிட்டார். அதில் முதல் வாதமே மனந்திரும்புதலைப் பற்றியது. ஒரு முறை சடங்கு செய்து முடித்துவிடுகிற காரியம் அல்ல அது, வாழ்நாள் முழுவதும் நடக்கவேண்டியது என்றார். அதற்கு முந்தின வருஷம், 1516இல், எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தார். மூலத்தில் இருக்கிற "மெட்டனோயா" என்ற சொல்லுக்கு மனம் மாறுவது என்று பொருள். அது லத்தீன் வழியாக வந்தபோது தண்டனை செலுத்துவது, பரிகாரம் செய்வது என்கிற வாடை ஏறியிருந்தது. இந்த இடத்தில் தமிழுக்கு அமைந்த சொல் அருமையானது. மனம் + திரும்புதல். போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து திரும்பி வருவது. அபராதம் கட்டுவது என்ற வாசனையே அதில் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த வியாபாரத்தை அப்படியே விட்டுவிடவில்லை. 1567இல் போப் ஐந்தாம் பயஸ், பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிற சலுகைகளை ரத்து செய்தார். 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கர்களும் லுத்தரன்களும் கிருபையைப் பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். எந்த ஊரில் தெரியுமா? ஃபுக்கர் வங்கி இருந்த அதே ஆக்ஸ்பர்க்கில்!

முதல் சிறை: தரங்கம்பாடி, 1708

தமிழுக்கு வருவோம். தமிழில் அச்சான முதல் புத்தகங்களிலேயே பாவமும் மனஸ்தாபமும் வந்துவிட்டன. 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சிட்ட ஹென்றிக்கஸ் அடிகளார், 1580இல் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று ஒரு கையேட்டையே கொச்சியில் அச்சிட்டார்.

லூதரின் வழியில் வந்த சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஊர் அப்போது டேனிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. 1708இல் ஒரு விதவை அவரிடம் வந்தாள். இறந்துபோன அவள் கணவனுக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையில் ஒரு கடன் தகராறு. சீகன்பால்கு அவளுக்காகப் பேசினார், விடாமல் பேசினார். கோட்டைத் தளபதி ஹாசியஸுக்கு ஆத்திரம். விசாரணைக்குக் கூப்பிட்டபோது எழுத்துமூலம் உத்தரவு கேட்டார் சீகன்பால்கு. கைது செய்து உள்ளே போட்டுவிட்டார்கள். நான்கு மாதத்துக்கு மேல் சிறை.

அந்த வருஷம்தான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். 1715இல் அது முழுதாக அச்சாகி வெளிவந்தது. கடனை மன்னிப்பது பற்றிய வசனங்களைத் தமிழாக்கியவர், ஊர் விதவையின் கடன் வழக்குக்காக வெயில் நாட்டுச் சிறையில் கிடந்தவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மன்னிப்பைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது, ஏழையின் கணக்கு நியாயமாக இருக்கவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது சிறை: சென்னை

அடுத்தவர் ஜோகன் பிலிப் ஃபெப்ரிசியஸ். 1711இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1740இல் தரங்கம்பாடி வந்து, 1742இல் சென்னைக்குப் போனார். கடைசிவரை சென்னைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேப்பேரியில் சந்நியாசி மாதிரி எளிமையாக வாழ்ந்தார். 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்தது. அது ஃபெப்ரிசியஸ் கையில் வந்து சேர்ந்தது. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு, 1779இல் தமிழ் - ஆங்கில அகராதி. அவருடைய வேதாகமத்தைத் தமிழ் லுத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தன. பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அதுதான் அடித்தளம்.

இவ்வளவு பெரிய மனிதருக்குப் பண விஷயம் மட்டும் பிடிபடவில்லை. நம்பிக்கையானவர் என்று சபையாரும் மற்றவர்களும் தங்கள் சேமிப்பை அவரிடம் கொடுத்துவைத்தார்கள். அவர் அதை வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. போட்டவர்கள் பணம் கேட்டு வந்தார்கள். அந்தக் காலச் சட்டப்படி கடன் கட்டமுடியாதவனுக்குச் சிறை. முதிர்ந்த வயதில் ஃபெப்ரிசியஸ் கடன்காரர் சிறைக்குப் போனார். 1788இல் வேப்பேரிப் பொறுப்பை கெரிக்கே என்ற அடுத்த மிஷனரி ஏற்றுக்கொண்டார். 1791 ஜனவரியில் ஃபெப்ரிசியஸ் சென்னையிலேயே காலமானார்.

இது ஒரு தனி மனிதரின் ஏமாளித்தனம் மட்டுமல்ல. அன்றைய சென்னையே கடனில் மிதந்துகொண்டிருந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, கம்பெனி அதிகாரிகளிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கித் தள்ளினார். பால் பென்ஃபீல்ட் அவர்களில் பேர்போனவர். 1777இல் சேர்த்துக் கட்டப்பட்ட கடனுக்கு வட்டி 12 சதவீதம். ஈடாக நவாப் வைத்தது என்ன? சீமைகளின் நிலவரி! இந்தக் கடன் சண்டையில் 1776இல் சென்னை கவர்னர் பிகாட் பிரபுவையே அவருடைய கவுன்சில் உறுப்பினர்கள் கைது செய்தார்கள். அடுத்த வருஷம் காவலிலேயே அவர் இறந்துபோனார்.

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் கதை வந்து சேருவது இங்கேதான். சந்தவாசல், போளூர், ஆரணி எல்லாம் நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இருந்தவை. 1780இல் ஹைதர் அலியின் படை இறங்கியது. 1782 ஜூனில் ஆரணியிலேயே சண்டை நடந்தது. இப்படிச் சூறையாடப்பட்ட மண்ணிலிருந்துதான் நவாபின் வட்டிக்கும் வரி வரவேண்டும். 1785 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இதைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். விசாரணையே இல்லாமல் இந்தக் கடன்களை அரசாங்கம் ஒப்புக்கொண்டது ஏன் என்று கேட்டார். பதில் வரவில்லை. 1801இல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டது. அதன்பின் மீதிக் கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் உட்கார்ந்தபோது, 3 கோடி பவுனுக்கு மேல் உரிமை கோரப்பட்டது. அதில் பெரும்பகுதி செல்லாது என்று தள்ளப்பட்டது.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிருபையின் கணக்கில் கடன்பட்டவனுடைய சுமையைக் கடன் கொடுத்தவரே ஏற்கிறார். நவாப் கடனின் கணக்கில் வாங்கியவனும் சுமக்கவில்லை, கொடுத்தவனும் சுமக்கவில்லை. ஒரு பைசா கடன் வாங்காத உழவன் சுமந்தான். கிருபைக்கு நேர் எதிரானது எது என்று என்னைக் கேட்டால், தண்டனை என்று சொல்லமாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

யார் மன்னிக்கலாம்?

ஃபெப்ரிசியஸ் விஷயத்தில் ஒரு சிக்கலான கேள்வி வருகிறது. அவர் மனம் வருந்தியிருப்பார், கடவுள் அவரை மன்னித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பணத்தைத் தொலைத்தவர்கள் கதி? அவர்களுடைய நஷ்டத்தை வேறு யாரும் "பரவாயில்லை" என்று எழுதித் தள்ளமுடியுமா? முடியாது. நஷ்டம் யாருடையதோ அவர்தான் மன்னிக்கமுடியும்.

கிறிஸ்தவ நூல்களே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. லூக்கா 19இல் சகேயு என்ற வரி வசூல்காரன் வருகிறான். ஊரை ஏமாற்றிச் சம்பாதித்தவன். இயேசு அவனைக் கண்டிக்கவில்லை, "உன் வீட்டுக்கு வருகிறேன்" என்கிறார். அதன்பிறகு அவனே எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியவர்களுக்கு நாலு மடங்கு என்று அறிவிக்கிறான். இதில் வரிசைதான் முக்கியம். பணத்தைக் கட்டினால் வருகிறேன் என்று இயேசு நிபந்தனை போடவில்லை. முதலில் கிருபை, பிறகு திருப்பிக் கொடுத்தல். ஆனால் திருப்பிக் கொடுத்தல் இருக்கிறது! நாலு மடங்கு கிருபையின் விலை இல்லை, மனம் உண்மையிலேயே திரும்பியதன் ரசீது.

இந்த ரசீது இல்லாத மன்னிப்பைத்தான் ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1937இல் "மலிவான கிருபை" என்று சாடினார். சாடிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஹிட்லரை எதிர்த்து நின்றார், 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

நம்ம மண்ணுக்கும் இந்த விவாதம் புதிதல்ல. வைணவத்தில் இதே கேள்விதான் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று வந்தது. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யவேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலைக்கும் தென்கலைக்கும் இடையில் நடந்த இந்தப் பேச்சைப் படிக்கும்போது, 1520களில் எராஸ்மஸும் லூதரும் மனித சித்தத்தைப் பற்றிப் போட்ட சண்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

விடுதலைக்குப் பிறகு

பாவத்திலிருந்து விடுதலை என்பதற்குப் பவுல் எடுத்துக்கொண்ட உதாரணம் அடிமை முறை. விலை கொடுத்து விடுவிக்கப்பட்டவன் பழைய எஜமானிடம் திரும்பிப் போகாதே என்கிறார். இது நமக்கு வெறும் உவமை இல்லை. முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காக அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களைப் பற்றி வட தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர்கள் இல்லை. 1976இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கொத்தடிமைக் கடன் ஒழிந்தது, அதைத் திருப்பிக் கட்டும் பொறுப்பே கிடையாது, எந்த நீதிமன்றத்திலும் வசூல் வழக்குப் போடமுடியாது. அடகு பிடித்த சொத்தையும் திருப்பித் தரவேண்டும். ராஜா பத்தாயிரம் தாலந்தைத் தள்ளுபடி செய்த மாதிரி, ஒரே வரியில் பாக்கி பூஜ்யம்!

ஆனால் வெளியே வந்தவனுக்கு நிலமும் வேலையும் துணையும் இல்லாவிட்டால், அடுத்த முன்பணம் அவனைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடும். கடன் ரத்து ஒரு நாளில் நடக்கிற காரியம். விடுதலை பெற்றவனாக வாழ்வது தினமும் நடக்கவேண்டிய காரியம். கிருபையும் மனந்திரும்புதலும் ஒன்றில்லாமல் ஒன்று நிற்காது என்று கிறிஸ்தவர்கள் சொல்வதை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

எனவே இனிமேல் யாராவது "எல்லாவற்றையும் மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று சொன்னால், அது எந்த மேடையாக இருந்தாலும் சரி, ஒரு வணிகவியல் மாணவனாக இரண்டு கேள்வி கேட்பேன். அந்த நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது? மன்னிப்பு வாங்கியவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்? இரண்டுக்கும் நேர்மையான பதில் இருந்தால் அது கிருபை. இல்லையென்றால் அது இன்னொரு நவாப் கடன்.

உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், விவாதிப்போம்.